கணிப்பொறிக்குக் கல்வி தந்த அம்மையார்

மாணவ நண்பர்களே! நம் சங்க மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று செயலர் கேட்டபோது, ராமானுஜனைப் பற்றியோ சர் சி. வி. ராமனைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அப்பெரியோர்களின் வரலாற்றை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். நான் இங்கே எழுதப் போவது கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்க அம்மையாரைப் பற்றி. அவரை நானாகத் தேடிச் சென்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. என் அறியாமைதான் என்னை அவரிடம் கொண்டு சேர்த்தது. ஆகவே அந்த அறியாமையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் மாணவி. விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழில் படித்துவிட்டு, பட்டப் படிப்பு முடிந்ததும் ரயிலேறி இந்த மராட்டிய மண்ணுக்கு வந்தவள். சென்ற பருவத்தில் எங்களுக்குக் கணிப்பொறிப் பயிற்சி ஒன்று இருந்தது. அகலமாக ஆடும் ஊசலின் இயக்கத்தைக் கணக்கிட வேண்டும். சிறு வீச்சாக இருந்தால் எளிய சூத்திரம் போதும். பெரு வீச்சுக்கு, ஊசல் நிற்கும் ஒவ்வொரு கோணத்திற்கும் ஸைன் மதிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டே போகவேண்டும். சி மொழியில் நிரல் எழுதினேன். முதலில் ஒரு வெள்ளோட்டமாக 0.5 என்ற எண்ணின் ஸைனைக் கேட்டேன். 0.479426 என்று பதில் வந்தது. மகிழ்ச்சிக்குக் கேட்பானேன்! உடனே முழு நிரலையும் எழுதி ஓட்டினேன். கம்பைலர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஸைன் என்ற பெயருக்குரிய பொருள் எங்கும் காணப்படவில்லை என்பது அது காட்டிய பிழைச் செய்தியின் சாரம்.

இது என்ன கொடுமை? சற்று முன் இதே ஸைனுக்குப் பதில் சொன்ன யந்திரம் அல்லவா இது! கணித லைப்ரரிக்குரிய தலைப்புக் கோப்பை நிரலின் உச்சியில் எழுதித்தான் இருந்தேன். அழித்து எழுதினேன், எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் பத்து வயதிலிருந்தே கணிப்பொறியோடு பழகியவர்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். மூன்று நாட்கள் வாய் திறக்கவில்லை. தமிழில் படித்தவளுக்கு இதெல்லாம் எட்டாக் கனி போலும் என்று முடிவு கட்டிக்கொண்டு, கணிப்பொறி வேண்டாத வேறு பயிற்சிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பமும் எழுதிவிட்டேன்.

அந்த விண்ணப்பத்தைக் கண்டவர், எங்கள் விடுதியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் சேலத்து அக்கா. அவர் சிரிக்கவில்லை. கட்டளை வரியின் இறுதியில் எல், எம் என்ற இரண்டெழுத்தை ஒரு சிறு கோட்டுடன் சேர்க்கச் சொன்னார். நான் அவசரத்தில் அதை நிரலின் பெயருக்கு முன்னால் சேர்த்தேன். மீண்டும் அதே பிழை. பின்னால் சேர்த்தேன், ஊசல் ஆடியது!

அக்கா அதோடு விட்டுவிடவில்லை. விடுதியின் உணவுக்கூடத்து அறிவிப்புப் பலகையை எனக்கு நினைவூட்டினார். இன்று சாம்பார் என்று பலகையில் எழுதியிருப்பதாலேயே சாம்பார் வந்துவிடுமா? சமையலறையில் அதை வைத்திருக்க வேண்டும். ஒருவர் அதைக் கொண்டுவந்து பரிமாறவும் வேண்டும். நான் நிரலின் உச்சியில் எழுதிய தலைப்புக் கோப்பு வெறும் அறிவிப்புப் பலகை. ஸைன் என்று ஒன்று உண்டு, அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் திருப்பித் தரும் என்ற வாக்குறுதி மட்டுமே அதில் உண்டு. ஸைனைக் கணக்கிடும் வழிமுறை இருப்பது லைப்ரரி என்னும் நூலகத்தில். எல் என்பது லைப்ரரியைக் குறிக்கும்; எம் என்பது கணித லைப்ரரியின் பெயர். அங்கே சென்று வேண்டியதை எடுத்துவந்து என் நிரலோடு பிணைப்பவர் லிங்கர் எனப்படும் வேறோர் ஆசாமி. அவர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகிறார். யாருக்கு என்ன தேவை என்று தெரியுமுன்பே நூலகத்தைக் காட்டினால், எதுவும் வேண்டாம் போலும் என்று கடந்து போய்விடுகிறார்.

அப்படியானால் முதலில் 0.479426 எப்படி வந்தது? 0.5 என்பது மாறாத எண். அதன் ஸைனைக் கம்பைலர் தானே கணக்கிட்டு விடையை நிரலில் பதித்துவிட்டது; நூலகத்துக்குப் போகவேண்டிய தேவையே எழவில்லை. ஊசலின் கோணமோ கணத்துக்குக் கணம் மாறுவது. அதற்கு வழிமுறையே கையில் வேண்டும். என் மூன்று நாள் துயரத்திற்கு விளக்கம் இவ்வளவுதான்!

இந்த நூலகம், இந்தப் பிணைப்பு, இந்தக் கம்பைலர் எல்லாவற்றையும் முதன்முதல் யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். அக்கா சொன்ன பெயர்தான் கிரேஸ் ஹாப்பர்.

கடிகாரம் பிரித்த சிறுமி

கிரேஸ் பிறந்தது 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், நியூயார்க் நகரில். தந்தையார் வால்டர் மரே, இன்ஷூரன்ஸ் துறையில் தொழில் செய்தவர். கிரேஸுக்கு ஏழு வயதிருக்கும்போது, மணியடிக்கும் கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று அறிய ஆசை பிறந்தது. ஒன்றைப் பிரித்தார்; திருப்பிப் பூட்டத் தெரியவில்லை. எப்படியென்று பார்க்க இன்னொன்றைப் பிரித்தார். இப்படி வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பல்சக்கரமும் சுருள்வில்லுமாகச் சிதறிய பின்புதான் அன்னையார் கண்டுகொண்டார். அவர் அடிக்கவில்லை, இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துக்கொள் என்று வரம்பு கட்டினார். எத்தகைய தாய்!

தந்தையாருக்கு இரத்தக்குழாய் நோயினால் கால்களை எடுக்க நேர்ந்தது. தமக்கு என்ன நேர்ந்தாலும் பெண் மக்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனுக்குத் தரும் கல்வியைப் பெண்களுக்கும் தந்தார். எனினும் கிரேஸின் கல்வி தோல்வியோடுதான் தொடங்கியது. வாஸர் கல்லூரியில் சேர எழுதிய தேர்வில் லத்தீன் மொழி அவரைக் காலை வாரிவிட்டது. ஓராண்டு காத்திருந்து சேர்ந்தார். 1928-இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம். 1930-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1934-இல் அங்கேயே கணிதத்தில் டாக்டர் பட்டம். வின்சென்ட் ஹாப்பர் என்பவரை 1930-இல் மணந்தார். 1931 முதல் தாம் படித்த வாஸர் கல்லூரியிலேயே கணித ஆசிரியையாக அமர்ந்தார். கௌரவமான உத்தியோகம், அமைதியான வாழ்க்கை. போர் மூளாதிருந்தால் அப்படியே ஓய்வு பெற்றிருப்பார்.

ஐம்பத்தோரடி யந்திரம்

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அம்மையார் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். எடையோ வேண்டியதற்கு ஏறக்குறைய 15 பவுண்டு குறைவு. கணித ஆசிரியர்கள் கல்லூரியில் இருப்பதே நாட்டுக்குத் தேவை என்றும் சொன்னார்கள். அவர் விடவில்லை. விதிவிலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். தம்மினும் மிக இளைய பெண்களோடு அணிவகுத்துப் பயின்று, 1944 ஜூனில் முதல் மாணவியாகத் தேறி வெளிவந்தார்.

கப்பலில் போகப் போகிறோம் என்று எண்ணியிருந்தவரைக் கடற்படை அனுப்பி வைத்த இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே ஹோவர்டு ஐகன் என்பவரின் தலைமையில் மார்க் 1 என்னும் கணக்கிடும் யந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம். வினாடிக்கு மூன்று கூட்டல்கள் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஏறக்குறைய 6 வினாடிகள். வகுத்தலுக்கு 15 வினாடிகளுக்கு மேல். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைக் கண்டு பழகிய நமக்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் அன்று, பீரங்கிக் குண்டின் பாதையிலிருந்து அணுகுண்டு தொடர்பான கணக்கு வரை அதனிடம் வந்து காத்துக் கிடந்தன. ஐகன் புதிதாய் வந்த பெண் அதிகாரிக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. யந்திரத்தைக் காட்டி, ஒரு கணக்கையும் கொடுத்துவிட்டார். ரிச்சர்டு பிளாக், ராபர்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு இளைஞர்கள் முன்பே அங்கே பணியாற்றி வந்தனர். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அம்மையார் கற்றார். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற 37 வயதுப் பேராசிரியை, தம்மினும் இளையவர்களிடம் போய்க் கேட்கக் கூசவில்லை. இதைப் படித்தபோது, மூன்று நாட்கள் வாய் திறவாதிருந்த என்னை எண்ணி வெட்கினேன்.

அந்த யந்திரத்திலும் ஸைன் கணக்கிட ஓர் உறுப்பு உண்டு. ஆனால் அது ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் தங்களுக்கு வேண்டிய அளவு நுட்பத்தோடு விரைவாக ஸைன் காணும் வழிகளைத் தாங்களே எழுதி, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஸைன் தேவைப்பட்டால், மற்றவரை அழைத்து அவருடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொள்வார்கள். நண்பர்களே, நாம் இன்று லைப்ரரி என்று சொல்லும் பெரிய மாளிகைக்கு அந்த நோட்டுப் புத்தகங்களும் ஓர் அடிக்கல்!

ஆனால் அதிலே ஒரு சங்கடம் இருந்தது. நோட்டில் உள்ளதை அப்படியே எழுதினால் போதாது. புதிய கணக்கில் அது வேறோர் இடத்தில் அமர்வதால், அதனுள் இருக்கும் இட எண்களையெல்லாம் கூட்டித் திருத்த வேண்டும். அங்கே கூட்டலில் தவறு நேரும். படியெடுப்பதிலும் தவறு நேரும். ஆங்கில பி எழுத்து 13 ஆகிவிடும். டெல்டா என்னும் கிரேக்க எழுத்து 4 ஆகிவிடும். மிகுந்த படிப்பாளிகள்தாம், ஆயினும் கூட்டவும் எழுதவும் தெரியாதவர்களாய் நின்றார்கள். கூட்டுவதற்கென்றே கட்டிய யந்திரம் எதிரே நிற்க, மனிதன் உட்கார்ந்து கூட்டித் தவறுவானேன் என்ற எண்ணம் அம்மையாரின் உள்ளத்தில் விதையாய் விழுந்தது. அது முளைக்க ஆறேழு ஆண்டுகள் பிடித்தன.

பூச்சியின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1947 செப்டம்பர் 9 அன்று, மார்க் 2 யந்திரத்தின் ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கி வேலை நின்றது. அப்பூச்சியை நாட்குறிப்பில் ஒட்டி வைத்தார்கள். அதைக் கண்டெடுத்தவர் ஹாப்பர் என்று பலரும் சொல்வது சரியன்று. கண்டெடுத்தவர்கள் உடன் பணியாற்றியவர்கள். ஊரெங்கும் சுவையாகச் சொல்லிப் பரப்பியவர்தான் அம்மையார். யந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கமும் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்ததுதான்.

இருளும் ஒளியும்

பெரியோர்களின் வாழ்க்கையை எழுதும்போது அவர்கள் வழுக்கிய இடங்களை மறைப்பது நம் வழக்கம். நான் மறைக்க விரும்பவில்லை. அம்மையாரின் மணவாழ்வு 1945-இல் மணமுறிவில் முடிந்தது. கடற்படையின் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்தார். வயதைக் காரணம் காட்டி மறுத்தார்கள். ஹார்வர்டில் அவர் வகித்த தற்காலிகப் பதவி 1949-இல் முடிந்தது; பெண்ணுக்கு அங்கே நிரந்தர இடம் இல்லை. நாற்பதைக் கடந்த வயதில் கையில் எதுவும் இல்லாமல் நின்றார். மனச்சோர்வும் குடிப்பழக்கமும் அக்காலத்தில் அவரை மிகவும் வருத்தின; நண்பர்கள் கவலைப்பட்டுக் கண்டித்தனர். அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்து வந்தவர்தான் பின்னர் நாம் காணும் ஹாப்பர்.

1949-இல் பிலடெல்பியா சென்று, எக்கர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய கணிப்பொறிக் கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ரெமிங்டன் ராண்டு கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அங்கே யூனிவாக் என்னும் யந்திரம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் நினைவகத்தில் 1000 சொற்கள் கொள்ளும். ஒவ்வொரு சொல்லுக்கும் 12 எழுத்துகள். பைனாக் என்ற வேறொரு யந்திரம் எட்டைக் கொண்டு எண்ணும் முறையில் இயங்கியது. அதற்காக எட்டின் கணக்கிலேயே ஊறிப்போன அம்மையார், தம் வங்கிக் கணக்கையும் அம்முறையிலேயே கழித்துப் பார்த்து, வரவுசெலவு ஒத்துவராமல் பல நாள் திண்டாடினார். வங்கியில் பணியாற்றிய தம்பி வந்துதான் குட்டை வெளிப்படுத்தினார்! யந்திரத்தின் மொழியை மனிதன் கற்றுக்கொண்டு அல்லற்படுவதைவிட, மனிதனின் மொழியை யந்திரம் கற்றால் என்ன? இக்கேள்வி அவரை விடாமல் பற்றிக்கொண்டது.

அக்கம்பெனியில் பெட்டி ஹோல்பர்ட்டன் என்ற அம்மையார் இருந்தார். எனியாக் யந்திரத்தை இயக்கிய அறுவர் பெண்களில் ஒருவர். தகவல்களை வரிசைப்படுத்தும் நிரலை யந்திரமே எழுதும்படி அவர் 1951-இல் ஒரு நிரல் செய்தார். நிரலை எழுதும் நிரல்! இது நடக்கக்கூடியது என்ற ஊக்கத்தைத் தமக்குத் தந்தவர் அவரே என்று ஹாப்பர் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லிவந்தார்.

தொகுத்தவர்

இனி அவர் செய்ததைப் பாருங்கள். பழைய நோட்டுப் புத்தகங்களில் இருந்தது போன்ற சிறு வழிமுறைகளை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் அழைப்புக் குறி ஒன்று கொடுத்து, காந்த நாடாவில் பதிந்து வைத்தார். கணக்குப் போடுபவர் இன்ன இன்ன குறிகள் இன்ன வரிசையில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். நாடாவில் தேடுவதும், படியெடுத்து வருவதும், இட எண்களைக் கூட்டித் திருத்துவதும், ஒன்றோடொன்று பிணைத்து முழு நிரலாக்குவதும் யந்திரத்தின் பொறுப்பு. பி 13 ஆகும் அபாயம் ஒழிந்தது! இதற்கு ஏ-0 என்று பெயர். 1951-52-இல் உருவாயிற்று. 1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கூட்டத்தில், கணிப்பொறியின் கல்வி என்று பொருள்படும் தலைப்பில் அம்மையார் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார்.

கம்பைலர் என்ற பெயரை அவர் ஏன் வைத்தார் தெரியுமா? பல இடத்தில் உள்ளவற்றைத் தேடிச் சேர்த்து ஒழுங்குபடுத்துபவர் என்பதே அச்சொல்லின் பொருள். தமிழரான நமக்கு இது புதிதன்று. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் சேர மன்னர். பாட்டைப் பாடியவர்கள் வேறு, தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. ஏ-0 செய்ததும் தொகுப்பு வேலைதான். கம்பைலருக்குத் தொகுப்பி என்று தமிழில் பெயர் சூட்டியவர்கள், அறிந்தோ அறியாமலோ, அம்மையாரின் உள்ளத்துக்கு மிக அருகில் சென்றுவிட்டார்கள்.

இவ்வேலையில் ஒரு முடிச்சு விழுந்தது. வழிமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமர்கின்றன. முன்பே அமர்ந்துவிட்ட ஒன்றுக்குத் திரும்பிப் போகச் சொல்வது எளிது. அதன் இடம் தெரியும். இனிமேல் வரப்போகும் ஒன்றுக்குத் தாவ வேண்டுமானால்? அதன் இடம் இன்னும் தெரியாதே! இங்கே அம்மையாருக்குக் கைகொடுத்தது கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து. அக்காலப் பெண்கள் ஆட்டத்தில் பந்தைத் தாமே நெடுந்தூரம் கொண்டு செல்ல முடியாது. தோழியிடம் கொடுத்துவிட்டு, முன்னே ஓடி, திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதைப் போலவே நினைவகத்தின் கோடியில் ஒரு சிறு மூலையை ஒதுக்கினார். இன்னாருக்கு ஒரு செய்தி இருக்கிறது என்று அம்மூலையில் குறித்து வைப்பார். அந்த இன்னார் வந்து அமரும்போது, தனக்குச் செய்தி உண்டா என்று பார்த்துத் தம் முகவரியை அங்கே தந்துவிடுவார். முடிச்சு அவிழ்ந்தது!

என் ஊசலுக்கு வேலை செய்த லிங்கரும் இதைத்தான் செய்கிறார். ஸைன் எங்கே அமரும் என்று என் நிரலுக்குத் தெரியாது. அவ்விடத்தை வெறுமையாக விட்டு, பெயரை மட்டும் குறித்து வைக்கிறது. நூலகத்திலிருந்து ஸைன் கிடைத்ததும் அவ்வெற்றிடம் நிரம்புகிறது. கிடைக்காவிட்டால், மூன்று நாள் துயரம்!

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இன்றைய பொருளில் ஏ-0 ஒரு முழுக் கம்பைலர் அன்று. லிங்கருக்குத்தான் அது நெருங்கிய உறவு. நூலகம் என்ற எண்ணமும் ஹாப்பருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்ஸாக் யந்திரத்திற்கு வில்க்ஸ், வீலர், கில் என்ற மூவர் அத்தகைய நூலகம் அமைத்து 1951-இல் நூலே வெளியிட்டனர். சூத்திரங்களை அப்படியே எழுதினால் யந்திர மொழியாக மாற்றித் தரும் ஃபோர்ட்ரான், ஜான் பாக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். கம்பெனியிலிருந்து 1957-இல் வந்தது. ஆனால் யந்திரம் கூட்டிப் பெருக்கத்தான் செய்யும், நிரல் எழுதாது என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், எழுதும் என்று ஓட்டிக் காட்டி, ஊர் ஊராகச் சென்று வாதாடியவர் ஹாப்பர். பல நாள் அவருடைய கருவியைத் தொடவும் ஆளில்லை.

யந்திரத்திற்குத் தாய்மொழி உண்டா?

கணிதக் குறிகளைக் கண்டு அஞ்சும் வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு அவர்கள் பேசும் சொற்களிலேயே நிரல் எழுதும் வசதி வேண்டும் என்று அம்மையார் அடுத்தபடியாக எண்ணினார். 1955-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலச் சொற்களால் ஆன ஒரு சிறு நிரலை மேலதிகாரிகளுக்குக் காட்டினார். யந்திரத்திற்கு எம்மொழியும் ஒன்றே என்பதை விளக்கும் பொருட்டு, அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதிக் காட்டினார். மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தார். நடந்தது என்ன? அமெரிக்காவில், பிலடெல்பியாவில் கட்டிய யந்திரம் அயல் மொழிகளைப் புரிந்துகொள்வதாவது என்று அவர்கள் திகைத்துவிட்டார்கள்! ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி கூறி அவர்களைச் சமாதானப்படுத்த மாதக் கணக்கில் ஆயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிந்தனை வந்தது. தமிழில் படித்ததால்தான் எனக்கு எட்டவில்லை என்று நான் கருதியது எவ்வளவு பெரிய பேதைமை! யந்திரம் சொல்லின் பொருளை உணர்வதில்லை. இந்தக் குறிக்கு இந்தச் செயல் என்ற அட்டவணையைப் பார்க்கிறது, அவ்வளவே. அந்த அட்டவணையில் ஆங்கிலம் அமர்ந்தது வரலாற்றின் போக்கால். அதைக் கற்றுக்கொள்ள வேண்டியது நம் கடமை. அதற்காக நாணித் தலைகுனிய வேண்டியதில்லை.

அம்முயற்சி ஃப்ளோமாட்டிக் என்ற மொழியாக வளர்ந்தது. 1959-இல் அரசாங்கத்தாரும் பல கம்பெனியாரும் கூடி, எல்லா யந்திரங்களுக்கும் பொதுவான வியாபார மொழி ஒன்றை வகுக்க முனைந்தனர். அதுவே கோபால். அதன் தாய் ஹாப்பர் என்று சொல்வது வழக்கம். அதை வடித்தவர்கள் ஜீன் ஸாமெட் முதலானோர் அடங்கிய குழுவினர். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். எனினும் அவருடைய ஃப்ளோமாட்டிக்தான் அதற்குப் பெரிதும் ஆதாரம். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல், ஆர்.சி.ஏ. யந்திரத்திலும் யூனிவாக் யந்திரத்திலும் ஓடிக் காட்டியது. ஒரு கம்பெனியின் யந்திரத்துக்கு எழுதியதை வேறு கம்பெனியின் யந்திரத்துக்கு மீண்டும் எழுத வேண்டியதில்லை என்பதை உலகம் கண்டது.

ஓய்வறியாத முதுமை

1966 இறுதியில் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. வயது அறுபது. ஆனால் அவரில்லாமல் ஓராண்டு கூட ஓடவில்லை. கடற்படையின் பலவகைக் கணிப்பொறிகளுக்கும் கோபாலை ஒழுங்குபடுத்த 1967 ஆகஸ்டில் ஆறு மாதத்திற்கு என்று திரும்ப அழைத்தார்கள். இடையில் ஒருமுறை ஓய்வும் மீண்டும் அழைப்புமாக, அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது! ரியர் அட்மிரல் பதவியோடு, 79-ஆம் வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கும் கான்ஸ்டிட்யூஷன் என்ற பழம்பெரும் கப்பலில் விடைபெற்றார். அதன் பிறகும் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகரானார்.

முதுமையில் அவருக்கு மிகப் பிடித்த தொழில் இளைஞர்களுக்குச் சொற்பொழிவாற்றுவது. கைப்பையில் கம்பித் துண்டுகளை வைத்திருப்பார். ஒவ்வொன்றும் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த நீளம். ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் ஒளி செல்லக்கூடிய தூரம் அது. நானோ வினாடி என்பதைக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் வேண்டும் என்பது அவர் கருத்து. கூடவே 984 அடி நீளமுள்ள கம்பிச் சுருள் ஒன்றையும் காட்டுவார். அது மைக்ரோ வினாடி. ஒரு மைக்ரோ வினாடியை வீணாக்கும் நிரல் எவ்வளவு நீளத்தை வீசி எறிகிறது என்று எந்தக் குழந்தைக்கும் அப்போது விளங்கும். எப்போதும் இப்படித்தானே செய்து வருகிறோம் என்ற மனப்பான்மை அவருக்குப் பிடிக்காது. அதை இடித்துக் காட்ட, முட்கள் இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றைத் தம் அறையில் மாட்டியிருந்தார். அதுவும் சரியாகவே மணி காட்டியது. ஏழு வயதில் பிடித்த கடிகாரப் பித்து இறுதிவரை போகவில்லை!

1992-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் அம்மையார் காலமானார். ஆர்லிங்டன் இராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடற்படையின் போர்க் கப்பல் ஒன்றுக்கு 1996-இல் அவர் பெயரைச் சூட்டி நீரில் இறக்கினார்கள். 2016-இல் அமெரிக்காவின் உயர்ந்த சிவிலியன் விருது அவருக்கு வழங்கப்பட்டது. மறு ஆண்டு யேல் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் ஒன்றுக்கு அவர் பெயரை இட்டது.

நண்பர்களே! பட்டங்களும் கப்பலும் கிடக்கட்டும். என் உள்ளத்தில் நிற்பது வேறு. தாமும் தம் தோழர்களும் ஓயாமல் தவறுகிறார்கள் என்பதை ஒரு பேராசிரியை நாணாமல் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலிலிருந்து பிறந்ததுதான் கம்பைலர். தாம் தவறுவதே இல்லை என்று நினைத்திருந்தால் அதை அவர் செய்திருக்கவே மாட்டார். அப்படியிருக்க, அந்தக் கம்பைலரின் முன் உட்கார்ந்து, தவறு செய்துவிட்டோமே என்று நாம் வெட்கப்படுவது எவ்வளவு விந்தை!

நான் எழுதிய விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். பயிற்சியை முடித்தேன், பெரு வீச்சில் ஊசலின் காலம் நீள்வதை என் நிரலே எனக்குக் காட்டியது. இவ்வாண்டு புதிதாய் வந்த தமிழ் மாணவி ஒருத்தி, சென்ற வாரம் உணவுக்கூடத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். ஸைன் காணவில்லையாம்! அறிவிப்புப் பலகையைச் சுட்டிக் காட்டி, சாம்பார் கதையைத் தமிழிலேயே சொன்னேன். கால் மணி நேரத்தில் விளங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். இன்னும் யாருக்கேனும் ஸைனோ கொஸைனோ காணாமற் போயிருந்தால், பெண்கள் விடுதிக்குச் சொல்லி அனுப்புங்கள். சேலத்து அக்காவும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். மூன்று நாள் மட்டும் காத்திருக்காதீர்கள்.